கோனோகாக்கஸ் சென்சிடிவிட்டி சரியாக வராதபோது: அறிகுறிவாரியாகப் பிழை தேடும் வழி

வெட்டை நோய்க் கிருமியான கோனோகாக்கஸுக்கு மருந்துணர்திறன் சோதனை போடும் ஆய்வகங்களில் கிளம்பும் தகராறுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவையேதான் மாறி மாறி வரும். பெரும்பாலானவற்றுக்கு மருந்து காரணமாக இருப்பதில்லை. கிருமி குளிரில் விறைத்திருக்கும், காய்ந்திருக்கும், பட்டினி கிடந்திருக்கும், இல்லையென்றால் பாதி செத்திருக்கும். நலமாக வளராத கிருமியின் மேல் வைத்த டிஸ்க், அதாவது மருந்து தோய்த்த காகித வில்லை, எதையும் சொல்லாது. ஆகவே ரிப்போர்ட்டில் ஒரு எழுத்து எழுதுவதற்கு முன் கிருமி நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதே இந்த வேலையில் முக்கால் பங்கு.

தட்டில் உங்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ, கீழே அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும். பணமும் நாளும் பிடிக்கும் காரணம் கடைசியில்.

எந்தத் தலைப்புக்குப் போனாலும் இரண்டு வேலைகளை முதலில் முடித்துவிடுங்கள். முதலாவது, ஐசோலேட்டை, அதாவது நோயாளியின் மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த கிருமியை, உறையவைப்பது. ஒரு நாள் வயதான, சுத்தமான வளர்ச்சியை, 20 சதவீதம் கிளிசரால் சேர்த்த டிரிப்டிக் சோய் பிராத் என்ற வளர்ப்புத் திரவத்தில் கெட்டியாகக் கலந்து, இரண்டு வயல்களில் (சிறு குப்பிகளில்) மைனஸ் 70 டிகிரியில் வையுங்கள். மைனஸ் 20 ஃபிரீசரை நம்ப வேண்டாம். மறுசோதனைக்கு எடுக்கும்போது கிருமி செத்துப்போயிருந்தால், அந்த நோயாளியிடமிருந்து அதே கிருமி மறுபடி கிடைக்காது. இரண்டாவது, முடிவு முன்கூட்டியே தெரிந்த கட்டுப்பாட்டு ரகமான ஏடிசிசி 49226-ஐ அதே நாளில், அதே லாட் (தயாரிப்புத் தொகுதி) மீடியாவில் ஓட்டுவது.

## ஸ்மியரில் கிருமி தெரிகிறது, தட்டில் ஒன்றுமே இல்லை

ஆணின் சிறுநீர்த்துவாரக் கசிவைக் கண்ணாடியில் பூசிச் சாயமேற்றிய ஸ்மியரில், வெள்ளணுக்களுக்குள் கிராம் நெகட்டிவ் இரட்டைக் கோளங்கள் தெளிவாகத் தெரிந்தால், கிருமி இருந்தது என்றே கொள்ளலாம். வழியில்தான் செத்திருக்கிறது. எங்கே என்று தேடுங்கள்.

ஸ்வாப் எங்கே காத்திருந்தது? ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. கரி சேர்த்த ஏமிஸ் ஊடகத்தில், அறை வெப்பத்தில், 24 மணி நேரத்துக்குள் தட்டுக்கு வர வேண்டும். நோயாளியின் பக்கத்திலேயே தட்டில் தேய்த்துவிட முடிந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

ஸ்வாப் எதனால் ஆனது? சாதாரணப் பஞ்சில் உள்ள கொழுப்பு அமிலங்கள் இந்தக் கிருமிக்கு நஞ்சு. கால்சியம் ஆல்ஜினேட்டும் ஆகாது. டாக்ரான் அல்லது ரேயான் வேண்டும். கருப்பைவாய் மாதிரி என்றால் ஸ்பெக்குலத்தில் ஜெல்லி தடவினார்களா என்று கேளுங்கள். ஜெல்லியில் உள்ள கிருமிநாசினி வளர்ச்சியைக் கெடுக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

தட்டு குளிர்ந்திருந்ததா, காய்ந்திருந்ததா? ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது குளிரோடு, தேய்ப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். விளிம்பு சுருங்கிய தட்டைத் தூக்கிப் போடுங்கள்.

இன்குபேட்டரில் மூன்றும் இருக்கிறதா? 35 முதல் 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, ஈரம். ஈரத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள். தண்ணீர்த் தட்டு வற்றிக் கிடக்கும். மெழுகுவர்த்தி ஜாடி பயன்படுத்தினால் வெள்ளை நிறத்தில், வாசனை சேர்க்காத மெழுகுவர்த்தியாக இருக்கட்டும்; உள்ளே நனைத்த பஞ்சு ஒன்று வையுங்கள். வாசனை மெழுகுவர்த்தியின் புகை கிருமியைக் கொல்லும்.

எத்தனை மணி நேரம் பார்த்தீர்கள்? 24 மணி நேரத்தில் நெகட்டிவ் என்று மூடாதீர்கள். 48-இல் பாருங்கள், 72-இல் முடியுங்கள். ஆர்ஜினின், ஹைப்போசாந்தின், யூராசில் மூன்றையும் வெளியிலிருந்து கேட்கும் ரகங்கள் மெதுவாக, குண்டூசி முனையளவு காலனிகளாகத்தான் வரும்.

தேயர்-மார்ட்டின் தட்டு, அதாவது மற்ற கிருமிகளை அடக்கும் மருந்துகள் சேர்த்த தட்டு, மட்டும் போட்டீர்களா? அதிலுள்ள வான்கோமைசினைத் தாங்காத கோனோகாக்கஸ் ரகங்கள் உண்டு. மேலே சொன்ன பொடிக் காலனி ரகங்களில் இது கூடுதல். தேர்வு மருந்து இல்லாத சாக்லேட் அகர் ஒன்றும் கூடவே போட்டால் தப்பிக்கலாம்.

மீடியா லாட்டே கெட்டதா? கட்டுப்பாட்டு ரகம் வளர்ந்துவிட்டது என்பது ஆதாரம் ஆகாது. கெட்டியாகத் தேய்த்தால் மோசமான தட்டிலும் அது வளரும். எண்ணக்கூடிய அளவு காலனி வரும்படி நீர்த்து, பழைய லாட்டிலும் புதிய லாட்டிலும் ஒரே அளவு ஊற்றி எண்ணிப் பாருங்கள். புதிய தட்டில் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலோ காலனி சிறுத்தாலோ லாட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஸ்மியர் பாசிட்டிவ் மாதிரிகள் தொடர்ந்து வளராமல் போனால், மாதிரி எடுக்கும் இடத்துக்கே ஒருவர் போய் நின்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் தீரவில்லை என்றால் ரெஃபரன்ஸ் ஆய்வகத்தைக் கூப்பிடுங்கள்.

## தட்டு முழுக்க வேறு கிருமி

தொண்டை, ஆசனவாய் மாதிரிகளில் இது இயல்பு. பரவித் தவழும் புரோட்டியஸ் என்றால் டிரைமெத்தோபிரிம் சேர்த்த திருத்திய தேயர்-மார்ட்டினுக்கு மாறுங்கள். ஈஸ்ட் என்றால் நிஸ்டாட்டின் வீரியம் போயிருக்கிறது, தட்டு பழசு. ஆக்சிடேஸ் வினைப்பொருளைத் தட்டின் ஒரு மூலையில் சொட்டினால் கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் காலனி கருத்துக் காட்டிக்கொடுக்கும். உடனே எடுத்து மறுவளர்ப்பு செய்யுங்கள். வினைப்பொருள் சற்று நேரத்தில் காலனியைக் கொன்றுவிடும்.

## முதல் தட்டில் நன்றாக வந்தது, மறுவளர்ப்பில் செத்தது

கோனோகாக்கஸ் தன்னைத் தானே கரைத்துக்கொள்ளும் கிருமி. இரண்டு நாள் பழைய தட்டில் காலனி பளபளப்பாகத் தெரிந்தாலும் உள்ளே பாதி உயிர்தான் இருக்கும். தட்டை மேசையில் விட்டுவிட்டு மதியம் வந்து எடுத்தீர்களா? வெள்ளிக்கிழமைத் தட்டைத் திங்கட்கிழமை தொட்டீர்களா? அப்படியென்றால் வேறு காரணம் தேட வேண்டாம். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை, தாராளமாக அள்ளி, வெதுவெதுப்பான புதுத் தட்டில் மாற்றுங்கள். விடுமுறை வருகிறது என்றால் அதற்கு முன்பே உறையவைத்துவிடுங்கள்.

## கரைசல் திரிதிரியாக நிற்கிறது, 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கல் அளவு) வரவே மாட்டேன் என்கிறது

லூப்பைத் தூக்கினால் நூல் போல இழுபடுகிறதா? செத்த செல்களிலிருந்து வெளிவந்த டிஎன்ஏ அது. அந்தக் கரைசலின் கலங்கலில் பாதி பிணம். மெக்ஃபார்லண்ட் சரியாகக் காட்டினாலும் உயிருள்ள கிருமி குறைவு, டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டங்கள் பெரிதாக வரும், எதிர்ப்புள்ள ரகமும் உணர்திறன் உள்ளது போலத் தெரியும். இந்தச் சோதனையில் நடக்கக்கூடிய ஆபத்தான பிழை இதுதான். கொட்டிவிடுங்கள்.

சாக்லேட் அகரில் 20 முதல் 24 மணி நேரம் வளர்ந்த காலனிகளை மட்டும் எடுங்கள். வெறும் உப்புநீர் வேண்டாம். முல்லர்-ஹின்டன் பிராத், அல்லது பிஹெச் 7.0 உள்ள பாஸ்பேட் கலந்த உப்புநீர். ஸ்வாபில் எடுத்த காலனியைக் குழாயின் உலர்ந்த உள்சுவரில் வைத்து நன்றாகத் தேய்த்து, பிறகு திரவத்தைத் துளித்துளியாகச் சேர்த்தால் கட்டி உடையும். மீதிக் கட்டி அடியில் படிய ஒரு நிமிடம் விட்டு மேல்பகுதியை எடுத்துக் கலங்கலைச் சரிசெய்யுங்கள். கலக்கியதிலிருந்து 15 நிமிடத்துக்குள் தட்டில் ஏறிவிட வேண்டும். தொலைபேசி அடித்தால் அடிக்கட்டும்.

காலனியை லூப்பால் தள்ளும்போது உடையாமல் முழுசாக அகர் மேல் வழுக்கிப் போகிறதென்றால், மாதிரியும் வலியுள்ள பிறப்புறுப்புப் புண்ணிலிருந்து வந்ததென்றால், கையிலிருப்பது ஹீமோஃபிலஸ் டுக்ரேயியாக இருக்கலாம். அது 33 டிகிரியில் வளர்வது. அதன் கட்டி எளிதில் உடையாது. கோனோகாக்கஸ் டிஸ்க் முறையை அதில் முயலாமல் ரெஃபரன்ஸ் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

## கட்டுப்பாட்டு ரகம் வரம்புக்கு வெளியே போகிறது

இங்கே நிதானமாக நில்லுங்கள். எந்த மருந்து எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதிலேயே காரணம் எழுதியிருக்கும். அமெரிக்க ஆய்வகத் தர நிறுவனமான சிஎல்எஸ்ஐ-இன் முறையில், அதாவது ஜிசி அகர் அடிப்படையில் 1 சதவீதம் வளர்ச்சிச் சேர்மம், 36 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, 20 முதல் 24 மணி நேரம் என்ற ஏற்பாட்டில், ஏடிசிசி 49226 தர வேண்டிய வட்டங்கள்: செஃப்ட்ரியாக்சோன் 39–51 மி.மீ., சிப்ரோஃப்ளாக்சசின் 48–58, டெட்ராசைக்ளின் 30–42, அசித்ரோமைசின் 30–38, பெனிசிலின் 26–34.

எல்லா மருந்துக்கும் வட்டம் சிறுத்திருக்கிறது. இனாகுலம் (தட்டில் பரப்பும் கிருமிக் கரைசல்) கெட்டி, அல்லது அகர் தடிமன். மெக்ஃபார்லண்ட் தரக்குழாயை உலுக்கிப் பார்த்தீர்களா? அகரின் ஆழம் 4 மி.மீ. இருக்க வேண்டும், ஒரு தட்டின் அகரை வெட்டி நிறுத்தி ஸ்கேலால் அளங்கள்.

எல்லாம் பெருத்திருக்கிறது. இனாகுலம் நீர்த்துவிட்டது, செல்கள் செத்துவிட்டன, அல்லது அகர் மெல்லிசு. கிருமிப் பரப்பு சீரான மங்கல் படலமாக இல்லாமல் தனித்தனிக் காலனிகளாகத் தெரிந்தால் அந்தத் தட்டை அளக்கவே வேண்டாம்.

அசித்ரோமைசின் சிறுத்து, டெட்ராசைக்ளின் பெருத்திருக்கிறது. அகர் அமிலப் பக்கம் போயிருக்கிறது. அமிலத்தில் அசித்ரோமைசின் சோர்ந்துபோகும், டெட்ராசைக்ளினுக்கு வேகம் கூடும். முதலில் இன்குபேட்டரின் வாயு அளவைத் தனி மீட்டரால் அளங்கள். முகப்பில் 5 என்று காட்டிக்கொண்டே உள்ளே அதிகம் ஓடும் பெட்டிகள் உண்டு. வாயு சரியென்றால் அகரின் பிஹெச். இரண்டும் நேர்மாறாக நகர்ந்திருந்தால், அதாவது அசித்ரோமைசின் பெருத்து டெட்ராசைக்ளின் சிறுத்திருந்தால், காரப் பக்கம்.

பெனிசிலினும் செஃபலோஸ்போரின்களும் (செஃப்ட்ரியாக்சோன் வகை மருந்துகள்) மட்டும் சிறுத்திருக்கின்றன. டிஸ்க் ஈரம் குடித்துவிட்டது. குளிர்ப் பெட்டியிலிருந்து எடுத்ததும் குப்பியைத் திறந்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரவிட்டுத் திறக்க வேண்டும். சிலிக்கா ஜெல்லின் நிறத்தையும் பாருங்கள்.

ஒரே ஒரு மருந்து மட்டும் தள்ளிப்போகிறது. புதிய டிஸ்க் குப்பி ஒன்றைத் திறங்கள். அதிலும் அப்படியே வந்தால், கட்டுப்பாட்டு ரகத்தைப் பலமுறை மறுவளர்ப்பு செய்ததில் அது மாறியிருக்கலாம். உறைந்த மூல வயலிலிருந்து புதிதாக எடுங்கள்.

கட்டுப்பாடு வரம்புக்குள் வராமல் நோயாளியின் முடிவை வெளியே விடாதீர்கள். பிஹெச், வாயு, ஆழம், டிஸ்க் எல்லாம் மாற்றியும் வரவில்லை என்றால் இன்குபேட்டர் பொறியாளரையும் மீடியா தயாரிப்பாளரையும் அழைக்க வேண்டிய இடம் இது.

கூடவே ஒன்று: ஏடிசிசி 49226 செஃப்ட்ரியாக்சோனுக்குக் கேட்கும் ரகம். அது வரம்புக்குள் வருவதால் உங்கள் முறை எதிர்ப்பைக் கண்டுபிடிக்கும் என்று ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் ரெஃபரன்ஸ் ரகங்களில் செஃபலோஸ்போரின் உணர்திறன் குறைந்ததும் எதிர்ப்பு உள்ளதும் உண்டு. அவற்றில் ஒன்றையாவது வைத்துக்கொண்டு அவ்வப்போது ஓட்டுங்கள்.

## வட்டங்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றன, அல்லது வட்டத்துக்குள் காலனி

முட்டினால் டிஸ்க் அதிகம். செஃப்ட்ரியாக்சோன் வட்டம் 40 மி.மீ.க்கு மேல் போகும் கிருமி இது, 100 மி.மீ. தட்டில் இரண்டு மூன்று டிஸ்க்குக்கு மேல் வைக்காதீர்கள்.

வட்டத்துக்குள் காலனி இருந்தால் தூசி என்று விட்டுவிட வேண்டாம். அந்தக் காலனியையே எடுத்து கிராம் சாயம், ஆக்சிடேஸ், மறுவளர்ப்பு. வேறு கிருமி என்றால் கலப்பு. சுத்தப்படுத்தி மறுபடி போடுங்கள். அதுவும் கோனோகாக்கஸ் என்றால், இரண்டு ரகத் தொற்று ஒரே ஆளிடம் இருக்க வாய்ப்புண்டு. உள்காலனியைத் தனி ஐசோலேட்டாக எண்ணி முழுச் சோதனையும் போடுங்கள்.

## நைட்ரோசெஃபின் நெகட்டிவ், பெனிசிலினுக்கோ எதிர்ப்பு

பிழை இல்லை. நைட்ரோசெஃபின் சோதனை, பெனிசிலினை உடைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதியை மட்டும் பார்க்கும். குரோமோசோம் வழி எதிர்ப்பு அதில் தெரியாது. நேர்மாறாக, வட்டம் 19 மி.மீ. அல்லது அதற்குக் கீழே, விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல இருந்தும் நைட்ரோசெஃபின் நிறம் மாறவில்லை என்றால் வினைப்பொருளைச் சந்தேகியுங்கள். பாசிட்டிவ் கட்டுப்பாடு ஓட்டுங்கள்.

## செஃப்ட்ரியாக்சோன் வட்டம் 35 மி.மீ.க்குக் குறைவு

பதற வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். வயல்கள் உறைந்தனவா என்று மறுபடி உறுதி செய்துவிட்டு இந்த வரிசையில் போங்கள்.

இது கோனோகாக்கஸ்தானா? தொண்டையிலிருந்து வந்ததென்றால் இதுவே முதல் கேள்வி. தொண்டையில் குடியிருக்கும் மற்ற நைசீரியாக்கள் செஃபலோஸ்போரினுக்கு எளிதில் மசியாதவையாக இருக்கலாம்; கோனோகாக்கஸ் தன் எதிர்ப்பு மரபணுத் துண்டுகளைப் பெற்றதே அவற்றிடமிருந்துதான். குளுக்கோஸில் மட்டும் அமிலம், மால்டோஸில் இல்லை என்று பாருங்கள். அதோடு கொள்கையளவில் வேறான இன்னொரு முறை, மால்டி-டோஃப் (புரதத்தை வைத்து அடையாளம்) அல்லது பிசிஆர் (மரபணுவை வைத்து அடையாளம்), ஒத்துப்போக வேண்டும்.

சுத்தமான வளர்ச்சியா, கட்டுப்பாடு அன்று வரம்புக்குள்ளா? இல்லையென்றால் மறுபடி.

எம்ஐசி, அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச மருந்து அளவு, என்ன? டிஸ்க்கோடு நிறுத்தாமல் கிரேடியன்ட் ஸ்ட்ரிப் (மருந்து அளவு படிப்படியாக மாறும் பட்டை) போடுங்கள். அளவுகோல் மேல்நோக்கி இருக்கட்டும், அடியில் காற்றுக் குமிழ் வேண்டாம், வைத்தபின் நகர்த்தாதீர்கள். ஸ்ட்ரிப்பும் அகர் டைல்யூஷனும் (மருந்தை வெவ்வேறு அளவில் அகரில் கலந்து பார்ப்பது) ஒரு இரட்டிப்புப் படி வித்தியாசப்பட்டால் அது முறையின் இயல்பான ஆட்டம். அதற்கு மேல் போனால் மறுபடி.

எந்த நெறிமுறைப்படி வாசிக்கிறீர்கள்? லிட்டருக்கு 0.25 மி.கி. என்ற அதே எம்ஐசி, சிஎல்எஸ்ஐ-இல் உணர்திறன், ஐரோப்பிய நெறிமுறையான யூகாஸ்ட்-இல் எதிர்ப்பு, ஏனென்றால் யூகாஸ்டின் எல்லை 0.125. எந்த நெறிமுறை என்பது எண்ணோடு சேர்ந்தே ரிப்போர்ட்டில் போக வேண்டும். சிஎல்எஸ்ஐ செஃப்ட்ரியாக்சோனுக்கு ‘ரெசிஸ்டன்ட்’ என்ற வகையே வைக்கவில்லை. ‘நான்-சஸ்செப்டிபிள்’ என்றுதான் எழுத வேண்டும்.

2009-இல் ஜப்பானின் கியோட்டோவில் ஒரு தொண்டை மாதிரியிலிருந்து எடுத்த ஹெச்041 ரகம் 2 மி.கி. அளவையும் தாங்கியது. ஆனால் 2015-இல் அதே நாட்டில் கண்ட எஃப்சி428 ரகத்தின் எம்ஐசி சுமார் 0.5-தான், நாடு நாடாகப் பரவியது இதுதான். எண் எல்லையை ஒட்டி இருக்கிறது என்று ஒதுக்கினால் தவறவிடுவது இந்த மாதிரியைத்தான்.

மறுசோதனையிலும் அப்படியே வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள், ரிப்போர்ட் அச்சாகும்வரை காத்திருக்காதீர்கள். ஐசோலேட்டை உலர்பனியில் ரெஃபரன்ஸ் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அகர் டைல்யூஷனும், செஃபலோஸ்போரின் எதிர்ப்போடு தொடர்புள்ள பென்ஏ மரபணு வரிசையும் அவர்கள் பார்க்க வேண்டியவை.

## நாட் (மரபணுப் பெருக்கச் சோதனை) மட்டும் பாசிட்டிவ், வளர்ப்பு இல்லை. மருத்துவர் சென்சிடிவிட்டி கேட்கிறார்

எந்தக் கிருமி என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

கோனோகாக்கஸ்: ஊசி போடும் முன் கல்ச்சர் ஸ்வாப் எடுக்கச் சொல்லுங்கள். போட்டாயிற்று, குணமாகவில்லை என்றால் இன்னும் அவசரம். ஆனால் சிகிச்சைக்குப் பிறகு செத்த கிருமியின் டிஎன்ஏவே இரண்டு வாரம் வரை நாட் சோதனையைப் பாசிட்டிவ் ஆக்கும். அதை வைத்து மருந்து தோற்றது என்று சொல்ல முடியாது. மரபணுச் சோதனை வசதி இருந்தால் ஜைர்ஏ புரதத்தின் 91-ஆம் இடம் மாறாமல் இருப்பது சிப்ரோஃப்ளாக்சசின் வேலை செய்யும் என்பதற்கு நல்ல அடையாளம்.

மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம்: வளர்க்க முயல வேண்டாம், வாரங்கள், மாதங்கள் ஆகும், செல் வளர்ப்பு வேண்டும். செல்சுவரே இல்லாததால், அதைத் தாக்கும் பீட்டா-லாக்டம் (பெனிசிலின் வகை) மருந்துகளின் பேச்சுக்கே இடமில்லை. 23எஸ் ஆர்ஆர்என்ஏ-வில் 2058, 2059 இடங்களில் மாற்றம் இருந்தால் அசித்ரோமைசின் பலிக்காது. பார்சி மரபணு மாற்றம் மாக்ஸிஃப்ளாக்சசினைப் பற்றிச் சொல்லும். இந்த பிசிஆர் எங்கே செய்கிறார்கள் என்று கேட்டு மாதிரியை அனுப்புங்கள்.

கிளமிடியா: செல்லுக்குள் மட்டுமே வாழ்வது. மனிதர்களிடம் நிலையான எதிர்ப்பு அரிது, அன்றாடச் சோதனை தேவையில்லை. மறுபடி மறுபடி பாசிட்டிவ் என்றால் துணைவருக்குச் சிகிச்சை நடந்ததா என்று கேட்பதே பலன் தரும்.

சிஃபிலிஸ்: ட்ரெப்போனீமாவைச் சோதனைக்குழாயில் தொடர்ந்து வளர்க்க முடிந்ததே 2018-இல்தான், அதுவும் முயல் செல்களோடு. பெனிசிலினுக்கு எதிர்ப்பு இதுவரை நிரூபணமாகவில்லை. அசித்ரோமைசினுக்கு உண்டு, அதே 2058, 2059 இடங்கள்.

## யூரியாபிளாஸ்மா கிட்டில் எல்லாக் குழியும் நிறம் மாறிவிட்டது

முதலில் குழி கலங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். யூரியாபிளாஸ்மா யூரியாவை உடைத்து நிறத்தை மாற்றுமே தவிர பிராத்தைக் கலங்கவைக்காது. கலங்கினால் யூரியாவை உடைக்கும் வேறு பாக்டீரியா, சோதனை செல்லாது. தெளிவாக இருந்தால் நேரத்தைப் பாருங்கள்: மருந்து இல்லாத குழி நிறம் மாறிய உடனே வாசிக்க வேண்டும், இரவு முழுக்க விட்டால் எல்லா மருந்துக்கும் எதிர்ப்பு போலத்தான் தெரியும். நேரமும் சரியென்றால் இனாகுலம் கெட்டி. மில்லிக்கு 10,000 முதல் 1,00,000 நிறமாற்ற அலகுகளுக்குள் நீர்த்துப் போடுங்கள்.

எரித்ரோமைசின், கிளிண்டாமைசின் இரண்டுக்கும் எதிர்ப்பு, மற்றவற்றுக்கு இல்லை என்று வந்தால் கலப்பைத் தேடுங்கள். மைக்கோபிளாஸ்மா ஹோமினிஸ் இயல்பிலேயே எரித்ரோமைசினுக்கு அசையாது, யூரியாபிளாஸ்மா கிளிண்டாமைசினுக்கு அசையாது. இரண்டும் சேர்ந்திருந்தால் கிட் அவற்றை ஒரே கிருமியாக வாசித்துவிடும். ஏ8 அகரில் பரப்பிப் பிரியுங்கள்: ஹோமினிஸ் காலனி பொரித்த முட்டை வடிவில் இருக்கும், யூரியாபிளாஸ்மா சிறிதாக, பழுப்பாக. பிரிக்க வசதி இல்லாவிட்டால் கிட் முடிவை வெளியிடாமல், பிராத் மைக்ரோடைல்யூஷன் செய்யும் ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்புங்கள்.